இல்லையே என்று கேட்டவள்

அவள் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. ஒரே ஒரு முறை அதை ஒரு கூட்டத்தில், மைக்கில், எல்லாரும் கேட்கும்படி சொன்னேன். அதனால் அவளுக்கு என்ன வந்தது, எனக்கு என்ன வந்தது என்பது பின்னால் வருகிறது. இன்னொரு முறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அவளை அடையாளம் காட்ட அவள் கேட்கும் கேள்வி ஒன்றே போதும். திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டில் லால்குடி பஸ் ஏற வேண்டுமென்றால் நீங்களும் நானும் கண்டக்டரிடம் என்ன கேட்போம்? லால்குடி போகுமா என்று கேட்போம். அவள் படிக்கட்டில் ஒரு காலை வைத்துக்கொண்டு, "இது ஸ்ரீரங்கம் உள்ள போகாதில்லைங்க?" என்பாள்.

"போர்டைப் பாரும்மா. லால்குடின்னு கொட்டை எழுத்துல போட்டிருக்குல்ல?"

"அது பாத்துட்டேங்க. ஸ்ரீரங்கம் சுத்திக்கிட்டுப் போகாதில்ல?"

"போகாதும்மா. ஏறு, ஏறு." பின்னால் நிற்கிற கூட்டம் முணுமுணுக்கும். அவள் நிதானமாக ஏறி, ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து, எனக்குக் கை காட்டுவாள்.

ஒரு விஷயம் இருக்கிறதா என்று எல்லாரும் பார்ப்பார்கள். அவள் இருக்கக்கூடாத இடத்தில் இல்லாமல் இருக்கிறதா என்று பார்ப்பாள். பிறவிக் குணமா, வாழைத்தோட்டத்தில் அப்பாவோடு நோய் விழுந்த கன்றைத் தேடித் தேடி வந்த பழக்கமா, தெரியாது. எங்கள் லேப்புக்கு அவள் வந்தபோது அந்தக் குணத்தையும் கூடவே கொண்டுவந்தாள்.

லேப் என்றால் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். திருச்சியில் ஒரு கல்லூரியின் பின்பக்கம், வேப்பமரத்தடியில் நாலு அறை. அதை ஒட்டி, எப்போதும் ஏ.சி. ஓடும் ஒரு அனிமல் ஹவுஸ். அங்கே எலி வேலை செய்ய எங்கள் ஆராய்ச்சி கைடான சாரிடம் சேர்ந்த முதல் ஆள் நான். ஸ்ரீரங்கத்தில் வீடு, கணவர், மாமியார், கைக்குழந்தை எல்லாவற்றையும் சமாளித்துக்கொண்டு, எலிக்கு எந்த உமி, எந்தத் தீவனம், கரண்ட் போனால் ஜெனரேட்டருக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்பது வரை உண்டாக்கி வைத்தது நான். சார் யாரிடம் பேசினாலும் என்னைக் காட்டி, "நம்ம பொண்ணு" என்பார். அதைக் கேட்க எனக்குப் பிடிக்கும். அவள் அதற்கெல்லாம் பிறகு வந்தவள்.

நாங்கள் செய்த வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு ஜீன் உடம்பில் என்ன செய்கிறது என்று தெரிய, அதை எடுத்துவிட்டு என்ன கெடுகிறது என்று பார்ப்பார்கள். ஆனால் உடம்பு முழுக்க எடுத்தால் எல்லாமே சேர்ந்து கெடும். எதனால் எது என்று சொல்ல முடியாது. வீட்டில் மெயினை அணைத்துவிட்டு, கோளாறு எந்த அறையில் என்று தேடுவது போலத்தான். ஒரு அறையின் ஃபியூஸை மட்டும் பிடுங்கத் தெரிய வேண்டும். அதற்கு இரண்டு வகை எலிகள் உண்டு. ஒன்றில் அந்த ஜீனின் இரு பக்கமும் இங்கே வெட்டு என்று அடையாளம் வைத்திருக்கும். இன்னொன்றில் அந்த அடையாளத்தைப் பார்த்தால் வெட்டுகிற ஒரு கத்தரி இருக்கும். எங்கள் கத்தரி மூளையின் நரம்புகளில் மட்டும் திறக்கும் என்று சொல்லித்தான் கொடுத்திருந்தார்கள். இரண்டு வகையையும் ஜோடி சேர்த்து, அடையாளமும் கத்தரியும் சேர்ந்து வாங்கிய குட்டிகளை வளர்த்தால், மூளையில் மட்டும் அந்த ஜீன் இல்லாத எலி கிடைக்கும்.

எனக்குக் கிடைத்த எலிகள் குண்டாயின. சாதாரணக் குண்டு இல்லை, கூண்டுக்குள் பந்து மாதிரி உருண்டன. அந்த ஜீன் கொழுப்பில்தான் வேலை செய்கிறது என்று பலரும் நம்பியிருந்த சமயத்தில், மூளையில் அது இல்லாவிட்டாலே எலி நிறுத்தாமல் தின்கிறது என்று என் எலிகள் சொல்லின. என் தீசிஸ் முழுக்க அந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் நின்றது. தீசிஸைக் கொடுத்துவிட்டால் ஊரிலேயே ஒரு கல்லூரியில் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அவள் வந்தபோது நான் கடைசி அத்தியாயம் எழுதிக்கொண்டிருந்தேன்.

அவள் வேலை மெதுவானது. நான் அடையாளமும் சேர்ந்த ஒரு கத்தரி ஆணோடு இரண்டு பெண்களை விட்டுக் குட்டிகளை மளமளவென்று எடுப்பேன். அவளோ கத்தரியைத் தாய் வழியாகவே கொண்டுவருவாள். அப்படிச் செய்தால் கூண்டும் அதிகம், நாளும் அதிகம். "ஏண்டி, ஒரு ஆணை வச்சே முடிச்சிரலாமே?" என்று கேட்டேன். "பயமா இருக்குக்கா" என்றாள். எதற்குப் பயம் என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. நான் சிரித்தேன். ஆனால் சார் சிரிக்கவில்லை. அன்றைக்கு ஏதோ ஒரு படத்தை நான் காட்டிக்கொண்டிருந்தபோது, என்னைத் தாண்டிப் பார்த்து அவளிடம், "நீ என்னம்மா நினைக்கிற?" என்றார். அவர் எதிரே அத்தனை காலம் நான் உட்கார்ந்திருந்தேன், என்னிடம் அவர் அப்படிக் கேட்டதில்லை. எனக்கு அன்றைக்கு ஆரம்பித்தது.

என் பொறாமை லேப்போடு நிற்கும் என்றுதான் நினைத்தேன். குழந்தையின் பிறந்தநாளுக்கு லேப் ஆட்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தோம். என் மாமியாரின் பாயசத்துக்கு எங்கள் தெருவிலேயே பேர் உண்டு. அவள் ஒரு வாய் குடித்துவிட்டு, டம்ளரைக் கீழே வைக்காமலே, "ஏம்மா, இதுல உப்பு விழுந்துடலையே?" என்றாள். எனக்கு உள்ளூரச் சந்தோஷம். மாமியார் முகம் சுருங்கப்போகிறது, இனி இவள் இந்த வீட்டுப் படி ஏற மாட்டாள் என்று நினைத்தேன்.

மாமியார் விழுந்து விழுந்து சிரித்தார். "ஒரு சிட்டிகை போடுவேன்டி. இனிப்பு எடுப்பா தெரியும். இத்தனை வருஷத்துல ஒருத்தரும் கண்டுபிடிக்கல, நீ எப்படிப் பிடிச்ச?"

அந்தப் பாயசத்தை நான் கல்யாணமான நாளிலிருந்து குடித்து வந்திருக்கிறேன். எனக்குச் சொல்லாத சிட்டிகையை அவளுக்குச் சொன்னார். அதற்குப் பிறகு அவள் வந்தால் ஒரு டம்ளர் கூடவே ஊற்றுவார். பாயசம் வரைக்கும் வந்துவிட்டதே என்று எனக்கே என் மேல் எரிச்சலாக இருந்தது.

தீபாவளியைச் சொல்லாமல் விட முடியாது. குட்டி போட்ட எலி பயந்தால் தன் குட்டியையே தின்றுவிடும். வெடிச் சத்தத்தைவிடப் பெரிய பயம் அதற்கு எதுவும் வேண்டாம். ஒவ்வொரு வருஷமும் தீபாவளிக்கு மறுநாள் நான் கூண்டுகளைத் திறந்து பார்த்து அழுதிருக்கிறேன். அந்த வருஷம் அவள் ஊருக்குப் போகவில்லை. காலையிலேயே வந்து, ஜன்னல் இடுக்குகளில் பழைய பெட்ஷீட்டைச் செருகி, ஒரு ரேடியோவை ஒரே சீராக ஓடவிட்டு, அனிமல் ஹவுஸிலேயே உட்கார்ந்துவிட்டாள். அது போதாதென்று, கல்லூரிச் சுவருக்கு வெளியே உள்ள வீடுகளுக்குப் போய் ஒவ்வொரு வாசலிலும், "இன்னிக்கு அணுகுண்டு வெடிக்க மாட்டீங்கல்ல?" என்று கேட்டிருக்கிறாள். அவர்கள் இதை ஏதோ சர்க்கார் விசாரணை என்று நினைத்துக்கொண்டு மத்தாப்போடு நிறுத்திக்கொண்டார்களாம். என் குட்டிகள் அத்தனையும் பிழைத்தன. நான் நன்றியோடு இருந்திருக்க வேண்டும். "உன் குட்டிங்களையும் சேர்த்துல்ல பாத்துக்கிட்டா" என்று சார் ஒரு வாரம் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அந்த வாரம் முழுக்க அல்வா கசந்தது.

இப்போது அந்த மத்தியானத்துக்கு வருகிறேன். தீசிஸ் டைப் ஆகி முடிந்திருந்தது. நான் நிம்மதியாக டிபன் பாக்ஸைத் திறந்தேன். அவள் எதிரே வந்து நின்றாள்.

"அக்கா, உங்க எலிங்களோட வால்ல கோடு இல்லையே?"

குட்டி பிறந்ததும் அதன் வால் நுனியில் துளியூண்டு எடுத்து பி.சி.ஆர். போட்டு, அடையாளம் இருக்கிறதா, கத்தரி இருக்கிறதா என்று பார்ப்போம். ஜெல்லில் அவை கோடுகளாகத் தெரியும். ஜீன் வெட்டுப்பட்டிருந்தால் வேறொரு இடத்தில் இன்னொரு கோடு வரும். அது மூளையில் வர வேண்டும், வந்திருந்தது. வாலில் வரவே கூடாது என்பதால் நாங்கள் யாரும் அந்தக் கோட்டை வாலில் தேடிப் பார்த்ததில்லை.

"மூளையில இருக்கு. பாத்துட்டேன்" என்றேன்.

"அது சரிக்கா. வால்ல இல்லையே?"

"வால்ல எதுக்குடி இருக்கப்போகுது? வாலுக்கு மூளையா இருக்கு?"

அவளும் சிரித்தாள். ஆனால் போகவில்லை. "ஒருதரம் போட்டுப் பாத்துரலாமே. சாம்பிள் எல்லாம் ஃப்ரீசர்லதானே இருக்கு."

போட்டாள். நான் சாப்பிட்டு முடித்துக் கைகழுவி வருவதற்குள் வரிசையாகக் குழாய்களை அடுக்கியிருந்தாள். முதல் குழாயில் மூளை சாம்பிள். என்னிடம் அது கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. எனக்குக் கோபம் வந்தது.

"மூளையில இருக்குன்னு தெரிஞ்சதுதானே. அதை எதுக்கு வீணாக்குற?"

"இல்லைன்னு சொல்லணும்னா, இருந்தா எப்படி இருக்கும்னு ஒண்ணு பக்கத்துல வேணும்லக்கா. இல்லாட்டி டெஸ்டே வேலை செய்யலையோ என்னவோ, யார் கண்டா?"

சாயங்காலம் ஜெல்லை விளக்கில் வைத்துப் பார்த்தோம். முதலில் மூளை, அதில் கோடு. அதற்கடுத்து வால்கள். அவற்றிலும் கோடு. ஒன்றிரண்டு இல்லை, பெரும்பாலானவற்றில். கத்தரியே வாங்காத ஒரு குட்டியின் வாலில்கூட வெட்டுப்பட்ட கோடு பளிச்சென்று இருந்தது. அவள் என் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுங்களுக்கெல்லாம் கத்தரி அப்பா வழியாத்தானே வந்துச்சு?" என்று கேட்டாள்.

அப்பா வழியாகத்தான். என் வேகத்தின் ரகசியமே அதுதான். மூளையில் மட்டும் திறக்க வேண்டிய கத்தரி, ஆண் எலியின் விந்து உண்டாகிற இடத்திலும் திறந்திருக்கிறது. தாய் வழியாக வந்த அவள் குட்டிகளின் வாலில் அந்தக் கோடு இல்லை. அப்பன் தன் ஜீனை முதலிலேயே வெட்டிவிட்டு, வெட்டியதைத்தான் குட்டிக்குக் கொடுத்திருக்கிறான். அந்தக் குட்டிக்கு மூளை, கொழுப்பு, தசை, வால் என்று உடம்பு முழுக்கவே அந்த ஜீன் பாதி இல்லை. நான் ஒரு அறையின் ஃபியூஸைப் பிடுங்கியதாக நினைத்து, மெயினிலும் கை வைத்திருந்தேன். மூளையால்தான் குண்டாயின என்று சொல்ல என்னிடம் ஒரு ஆதாரமும் இல்லை.

எனக்கு அவளை ஓங்கி ஒன்று வைக்க வேண்டும் போலிருந்தது. டைப் ஆன தீசிஸ் மேஜை மேல் இருந்தது. "நான் தெரிஞ்சு அம்மா வழியா வைக்கலைக்கா, சும்மா பயந்துதான் வச்சேன்" என்று அவள் என்னைச் சமாதானம் செய்தாள். தெரிந்து வைத்திருந்தாலாவது படித்தவள் என்று விட்டிருப்பேன். பயந்துகொண்டு வைத்தவள் தப்பித்தாள், தைரியமாக வைத்த நான் மாட்டிக்கொண்டேன், அதை என்னால் தாங்க முடியவில்லை. சார் ஜெல்லைப் பார்த்துவிட்டு, "நல்லவேளை, வெளிய போறதுக்கு முன்னாடி தெரிஞ்சுது" என்றார். சொல்லும்போது அவர் கண் அவள் மேல் இருந்தது.

எல்லாவற்றையும் தாய் வழியாக மறுபடி செய்ய வேண்டும். வேலை தருவதாகச் சொன்ன கல்லூரிக்காரர்கள் ஜூன் வரை பொறுப்பதாகச் சொன்னார்கள். அதற்குள் எலி பிறந்து, வளர்ந்து, குண்டாக வேண்டும். குண்டாகாவிட்டால் தீசிஸும் இல்லை, வேலையும் இல்லை. "இன்னும் எத்தனை நாள் எலிக்குப் பிரசவம் பாக்கப்போற?" என்று வீட்டில் கேட்டார் என் கணவர். என்னிடம் கத்தரிப் பெண்கள் இல்லை. நான் கேட்காமலே அவள் தன்னுடைய கத்தரிப் பெண்களை என் கூண்டுக்கு மாற்றிவிட்டு, தன் வேலையை நிறுத்திவைத்தாள். அதையும் சார் பார்த்தார்.

குட்டிகள் வந்தன. வால் எல்லாவற்றிலும் அந்தக் கோடு இல்லை, பக்கத்தில் மூளைக் குழாயில் மட்டும் இருந்தது. இனி எடை ஏறுமா என்பதுதான் மிச்சம். வாராவாரம் அவள் எடை போட, நான் எழுதிக்கொள்வேன். "குறையலையே?" என்று தராசிடமே கேட்பாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு மெல்ல மெல்ல ஏற ஆரம்பித்தது. முன்பு மாதிரி பந்தாக உருளவில்லை, ஆனாலும் கத்தரி இல்லாத கூடப்பிறந்தவற்றைவிட நன்றாகவே குண்டாயின. என் வாக்கியம் பிழைத்தது. முன்பைவிட உறுதியாக நின்றது என்றும் சொல்லலாம். அவள் கைதட்டினாள், நானும் தட்டினேன்.

அந்தச் சமயத்தில் எங்கள் ஊரிலேயே ஒரு பெரிய ஹோட்டல் ஹாலில் கூட்டம் நடந்தது. வெளியூர்களிலிருந்து பெரியவர்கள் வந்திருந்தார்கள். நான் பேசி முடித்ததும் முன்வரிசையில் இருந்த ஒரு மூத்த பேராசிரியை எழுந்து, "எல்லாம் நன்றாக இருக்கிறது. வாலில் பார்த்தீர்களா?" என்று இங்கிலீஷில் கேட்டார். கேட்கும்போதே, பார்த்திருக்க மாட்டாய் என்பது முகத்தில் தெரிந்தது. நான் அடுத்த படத்தைப் போட்டேன். வரிசையாக வால்கள், ஒன்றிலும் கோடில்லை, ஓரத்தில் மூளை. ஹாலில் ஒரு சலசலப்பு ஓடியது. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "மாணவர்கள் இதைச் செய்து நான் பார்த்ததில்லை. உங்கள் யோசனையா?" என்றார்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சார்கூட ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். ஏன் சொல்லவில்லை என்று பிறகு எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். நல்லவள் என்று பேர் வாங்கும் ஆசையாகவும் இருக்கலாம். "இல்லை மேடம். கடைசி வரிசையில் இருக்கிறாளே, அவளுடையது" என்று சொல்லி, அவள் பெயரையும் முழுசாகச் சொன்னேன். ஹாலில் இருந்த தலையெல்லாம் என்னை விட்டுவிட்டுப் பின்னால் திரும்பின. டீ இடைவேளையில் அந்தப் பேராசிரியை கையில் தட்டோடு என் பக்கம் வந்தார். நான் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நின்றேன். அவர் என்னைத் தாண்டிப்போய் அவளிடம் நின்று, டீ ஆறும் வரை பேசினார்.

அவளுக்கு வெளிநாட்டில் இடம் கிடைத்தது அந்தப் பேச்சில்தான். எனக்கு என் தீசிஸ் கிடைத்தது, ஜூனில் வேலையும் கிடைத்தது. யாருக்கும் குறைவில்லை, நியாயமாகத்தான் நடந்தது. ஆனாலும் விடைத்தாள் கட்டோடு பஸ்ஸில் நின்றுகொண்டு போகிற சில நாட்களில், அன்றைக்குப் பேசாமல் இருந்திருக்கலாமே என்று இன்றும் தோன்றும்.

போவதற்கு முன் சொல்லிக்கொள்ள ஸ்ரீரங்கத்துக்கு வந்தாள், கையில் ஒரு தார் வாழைப்பழத்தோடு. மாமியார் பாயசம் வைத்தார். சாயங்காலம் அவளை ஸ்கூட்டியில் திருவானைக்காவல் ஸ்டாப்பில் கொண்டுவந்து விட்டேன். லால்குடி பஸ் வர நேரம் இருந்தது. பூக்கடை நிழலில் நின்றோம். அவள் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அக்கா, என் மேல பொறாமை இல்லையே?"

வேறு யாராவது இருந்தால், சந்தோஷம்தானே என்று கேட்டிருப்பார்கள். "சேச்சே, எனக்கு எதுக்குடி?" என்றேன். சொல்லிவிட்டு, பூக்காரம்மா பூ கட்டுவதைக் கவனமாகப் பார்த்தேன்.

"சும்மா இல்லைன்னா எப்படிக்கா. பக்கத்துல ஒண்ணு வேணும்ல."

"என்ன ஒண்ணு?"

"இருந்தா எப்படி இருக்கும்னு காட்ட" என்றாள். "நான் இருக்கேன்க்கா. எனக்குச் சேர்ந்த நாள்ல இருந்து உங்க மேல இருக்கு. சார் உங்களைத்தான் நம்ம பொண்ணும்பாரு. என்னை ஒரு நாளும் சொன்னதில்ல. சாயங்காலமானா உங்க வீட்டு வண்டி வந்து நிக்கும், குழந்தை உங்களைப் பாத்துக் கையை நீட்டும். நான் ஹாஸ்டலுக்குப் போயி அதே குருமாவைச் சாப்பிடணும். தீபாவளிக்கு எலிங்ககிட்ட எதுக்கு உக்காந்தேன்னு நினைச்சீங்க? அன்னிக்காவது சார் என்னைப் பத்திப் பேசட்டும்னுதான்" என்றாள்.

நான் ஒரு முழம் பூ வாங்கி அவள் கையில் கொடுத்தேன்.

"மேடையில நின்னு என் பேரைச் சொன்னீங்கல்ல, அப்பதான்க்கா ரொம்ப எரிஞ்சுது. நானா இருந்தா சொல்லியிருக்க மாட்டேன்."

பஸ் வந்துவிட்டது. லால்குடி என்று நெற்றியில் கொட்டை எழுத்தில் இருந்தது. அவள் படிக்கட்டில் காலை வைத்துக்கொண்டு கண்டக்டரிடம், "ஸ்ரீரங்கம் உள்ள போகாதில்லைங்க?" என்று கேட்டுவிட்டு ஏறினாள். எனக்கும்தான்டி என்று நான் வாயெடுப்பதற்குள் விசில் ஊதிவிட்டார்கள். ஜன்னலிலிருந்து கை காட்டினாள். நானும் காட்டினேன்.

அத்தனை வருஷமாக நான் உள்ளே வைத்துப் புழுங்கிக்கொண்டிருந்ததை, அதையும் அவள்தான் முதலில் சொன்னாள்.